5,000 வாட்னு ஸ்டிக்கர்... பின்னாடி 2 ஆம்பியர் ஃபியூஸ்! பட்ஜெட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் இதைப் படிங்க

கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயர். முன்பக்கம் '5,000 வாட் பிஎம்பிஓ'ன்னு பளபளன்னு ஸ்டிக்கர். அதையே அப்படியே திருப்பி, பவர் கார்டு நுழையும் இடத்தைப் பாருங்க. 2 ஆம்பியர் ஃபியூஸ். நம்ம வீட்டு கரன்ட் 230 வோல்ட். 230-ஐ 2-ஆல் பெருக்கினால் 460. அந்தப் பெட்டி சுவரிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியதே 460 வாட்தான். உள்ளே போறது 460, வெளியே வர்றது 5,000 என்றால், மின்வாரியமே அதை மொத்தமா வாங்கிப் போட்டிருக்கும் பாஸ்!

முதல் சம்பளத்தில், தீபாவளி போனஸில், சீட்டுப் பணத்தில் ஒரு நல்ல பாட்டுப் பெட்டி வாங்கணும்னு நினைக்கிற பலரும் சறுக்குகிற இடம் இதுதான். சென்னையில் இருப்பவர் வாங்கினது சரியில்லைனா மறுநாளே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது ஒருநாள் பொழப்பு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் வீடு என்றால், பெட்டியைத் தூக்கிக்கிட்டு மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கி, திரும்ப ஏறணும். அதனால, வாங்குறதுக்கு முன்னாடியே எடைபோடத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இந்தக் கையேடு.

இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர்னா என்ன?

ஆம்ப்ளிஃபயருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், பேஸ் எவ்வளவு என்று தீர்மானிக்கும் பகுதி 'ப்ரீ ஆம்ப்'. அந்தச் சின்ன சிக்னலை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது 'பவர் ஆம்ப்'. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது இன்டக்ரேட்டட். இடது, வலது என இரண்டு சேனல் மட்டும் இருந்தால் ஸ்டீரியோ.

5.1 ஹோம் தியேட்டர் செட்டோடு இதைக் குழப்பிக்காதீங்க. அதே விலையில் ஆறு சேனல் தருகிற பெட்டி, ஒவ்வொரு சேனலுக்கும் செலவழிக்கிற காசு குறைவு. சினிமா பார்க்க அது. பாட்டு கேட்க இது. இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'ப்ரியா', பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படுகிறது. அன்றிலிருந்து நம்ம சினிமாப் பாட்டு இரண்டு காதுக்காகத்தான் செய்யப்படுகிறது. இரண்டு நல்ல ஸ்பீக்கரும் ஒரு நேர்மையான ஸ்டீரியோ ஆம்ப்பும் இருந்தால் அதுவே தாராளம்.

வாட் கணக்கு: எதை நம்பலாம்?

பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை கிடையாது. அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கோங்க. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட். அதுவும் தனியாக வரக்கூடாது, கூடவே நாலு தகவல் வரணும்.

1. எத்தனை ஓம் ஸ்பீக்கரில்? 4 ஓமில் சொல்லும் வாட், 8 ஓமில் ஏறக்குறைய பாதிக்கு வரலாம்.

2. எவ்வளவு டிஸ்டார்ஷனில்? 0.1% என்றால் சுத்தமான சத்தம். 10% என்றால் பாட்டு ஏற்கெனவே கிழிய ஆரம்பித்த பிறகு எடுத்த அளவு.

3. எந்த அலைவரிசையில்? 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுசா சொல்லியிருந்தால் நல்லது. வெறும் 1,000 ஹெர்ட்ஸில் எடுத்த அளவு என்றால் சலுகை மார்க் மாதிரி.

4. இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது எடுத்ததா, ஒன்று மட்டுமா?

வாட் எண்ணை ஊதிப் பெரிசாக்குவது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் இது அளவு மீறிப்போய், அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி விளம்பரம் செய்யணும்னு விதி போட்டது. 2024-ல் அந்த விதியை இன்னும் கறாராக்கியது. அரை நூற்றாண்டாக நடக்கும் விளையாட்டு இது!

அடாப்டரில் ஓடும் மினி ஆம்ப் என்றால் கணக்கு இன்னும் சுலபம். அடாப்டர் மேலே எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க. 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 72 வாட். அதில் சுமார் 90% சத்தமாக மாறினாலும் 65 வாட். இரண்டு சேனலுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 32. டப்பா மேலே '100+100' என்று இருந்தால், அந்தப் பெட்டிக்கு இந்த அடாப்டரால் அவ்வளவு சாப்பாடு போட முடியாது. பாட்டின் உச்சம் கண நேரமே வந்து போவதால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால், பெருக்கல் கணக்கை ஏமாற்றும் அளவுக்குக் கைகொடுக்காது.

சரி, எத்தனை வாட் போதும்?

இங்கேதான் பலருக்கு ஆச்சர்யம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல் மட்டும் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதுக்குப் பத்து மடங்கு வாட் வேணும். ஆக, 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வால்யூமைக் கொஞ்சம் திருகுகிற அளவுதான்.

ஸ்பீக்கர் பின்னால் 'சென்சிட்டிவிட்டி 87 டெசிபல்' மாதிரி ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுத்தால் 97, 20 வாட் கொடுத்தால் 100 டெசிபல். 10-க்கு 12 அடி ரூமில் இது கல்யாண வீட்டுச் சத்தம். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பானது என்று சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அப்படியிருக்க, வீட்டுக்கு நேர்மையான 25 முதல் 50 வாட் தாராளம். 90 டெசிபல் ஸ்பீக்கர் கிடைத்தால், 87-க்குத் தேவைப்பட்டதில் பாதி வாட்டே போதும். காசை வாட்டில் கொட்டாமல் ஸ்பீக்கரில் போடுங்க என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது அதனால்தான்.

'நல்ல பேர்' எப்படி வருது?

ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் பட்ஜெட் ஹீரோ என்றால் எல்லோரும் கைகாட்டுவது என்ஏடி 3020. 1978-ல் வந்தது. வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன். பார்க்கச் சாம்பல் நிற டப்பா. எழுதியிருந்த அளவு சேனலுக்கு வெறும் 20 வாட். ஆனால், பாட்டில் திடீர் உச்சம் வரும்போது எழுதியதைவிட அதிகமாகத் தாங்கியது. கஷ்டமான ஸ்பீக்கரையும் ஓட்டியது. விலை குறைவு. உலகத்திலேயே அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றாகப் பேர் வாங்கியது. கம்மியா சொல்லி, கூடுதலா கொடுத்ததுதான் அந்தப் பேருக்குக் காரணம்.

அடுத்த உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். நம்ம ஊர்த் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட்காரர் வண்டியில் அகுஜா ஆம்ப்ளிஃபயரைப் பார்த்திருப்பீங்க. விடிய விடிய ஓடணும், ஜெனரேட்டரில் ஓடணும், கெட்டுப்போனால் பக்கத்து ஊரிலேயே பார்ட்ஸ் கிடைக்கணும், மெக்கானிக்குக் கை பழகியிருக்கணும். இத்தனைக்கும் ஈடுகொடுத்ததால் வந்த பேர் அது.

அதுக்காக, மைக் செட் ஆம்ப்பை வீட்டு ஹாலுக்கு வாங்கிடாதீங்க. பொது இடத்துக்கான அந்த ஆம்ப்களில் நீளமான ஒயரில் பல கூம்பு ஸ்பீக்கர்களை ஓட்ட '100 வோல்ட் லைன்' முனை இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை அதில் மாட்டினால் காயில் கருகிவிடும். பெரும்பாலும் மோனோ வேறு. 'பேர்' என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பேர். எந்த வேலைக்கு என்று கேட்காமல் பேரை மட்டும் வாங்கினால் நஷ்டம் நமக்கு.

இன்னொரு சிக்கல், பேர் கைமாறும். ஒருகாலத்தில் ஆம்ப்ளிஃபயருக்காகவே கொண்டாடப்பட்ட ஜப்பானிய பிராண்ட் சான்சுயி. பிற்காலத்தில் அதே பெயரை நாம் இந்தியாவில் டிவியிலும் வாஷிங் மெஷினிலும் பார்த்தோம். பழைய பிராண்ட் பெயரைப் பார்த்ததும் உருகாமல், 'இன்னைக்கு இதை யார் தயாரிக்கிறாங்க, யார் சர்வீஸ் பண்றாங்க?' என்று கேளுங்க.

'விலை கூடினால் சத்தம் சொர்க்கம்' என்ற நம்பிக்கைக்கும் ஒரு பழைய சோதனை இருக்கு. 1987-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை, விலை குறைந்த ஒரு பயனியர் ரிசீவரில் தொடங்கி பல ஆயிரம் டாலர் ஆம்ப் வரை, எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஆட்களைக் கேட்க வைத்தது. அவர்களால் நம்பத்தகுந்த அளவுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாமே ஒழுங்காகச் செய்யப்பட்டவை, சத்தமும் சமமாக வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் இதில் முக்கியம். ஒழுங்கான ஆம்ப் என்ற கோட்டைத் தாண்டிவிட்டால், அதுக்கு மேலே கொடுக்கும் காசு பெரும்பாலும் வசதிக்கும் உழைப்புக்கும் அழகுக்கும்தான்.

கைக்கு எட்டும் நாலு வகை

அசெம்பிள் செட்: '4440 போர்டு' என்று கேள்விப்பட்டிருப்பீங்க. சான்யோவின் எல்ஏ4440 என்ற ஐசி அது. 13 வோல்ட் அளவில் சேனலுக்கு சுமார் 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 19 வாட். கத்துக்கவும், சின்ன ரூமுக்கும் அருமை. உள்ளூர் மெக்கானிக்கே சரிபண்ணுவார் என்பது பெரிய பலம். போலி ஐசி, மெல்லிய ஹீட் சிங்க், எர்த் இல்லாத ஒயரிங் ஆகியவை பலவீனம். இதில் 500 வாட் என்று யாராவது சொன்னால் சிரிச்சிட்டு நகர்ந்திடுங்க.

மினி கிளாஸ் டி: உள்ளங்கை சைஸ், ப்ளூடூத்தோடு ஆன்லைனில் கிடைப்பவை. சிப் பெயரைக் கேளுங்க. உதாரணமாக, டிபிஏ3116 சிப்புக்கு அதைச் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சொல்லும் அளவு 21 வோல்ட்டில், 4 ஓமில் சேனலுக்கு 50 வாட். விற்பவர் எவ்வளவு சொன்னாலும் இதுதான் அளவுகோல். காசுக்கேற்ற சத்தம் என்றால் இந்த வகையை அடிச்சிக்க முடியாது. ஆனால், கெட்டுப்போனால் பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, மாத்துவதுதான்.

பிராண்டட் முழு சைஸ்: யமஹா ஏ-எஸ்301 (8 ஓமில் 60 வாட்), டெனான் பிஎம்ஏ-600என்இ (45 வாட்), மரான்ட்ஸ் பிஎம்6007 (45 வாட்), கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏஎக்ஸ்ஏ35 (35 வாட்). எண்களைக் கவனிச்சீங்களா? பெரிய கம்பெனிகள் இவ்வளவு பெரிய பெட்டிக்கே 35, 45 என்றுதான் எழுதுகின்றன. பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். ஆனால், 10 வருடம் வைத்திருக்கிற எண்ணம் இருந்தால் யோசிக்கலாம். ரெக்கார்டு பிளேயர் மாட்டும் முனை, டிவிக்கான ஆப்டிகல் முனை, ப்ளூடூத் ஆகியவை மாடலுக்கு மாடல் மாறும். உங்களுக்கு எது வேணும்னு முதலில் எழுதி வெச்சுக்கோங்க.

செகண்ட் ஹேண்ட்: நல்ல பெட்டி பாதி விலையில் கிடைக்கலாம். முதலில் பின்பக்கத் தகடைப் படிங்க. '100 வோல்ட்' என்றால் ஜப்பான் செட், '120 வோல்ட்' என்றால் அமெரிக்க செட். நேரடியாக நம்ம 230-ல் மாட்டினால் அன்றைக்கே கதை முடிஞ்சிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. மல்டிமீட்டர் இருந்தால், பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டேஜ் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் காசை நீட்டாதீங்க.

மலைக்கும் கிராமத்துக்கும் தனிக் கணக்கு

லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பில், 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், அதன் உச்ச சக்தி சுமார் 60 சதவிகிதமாகக் குறைந்துவிடும். நீங்களும் 'சத்தம் பத்தலையே'ன்னு வால்யூமைத் திருகுவீங்க. சத்தம் கிழியும், ட்வீட்டர் போகும். '100-240 வோல்ட்' என்று எழுதிய அடாப்டரில் ஓடும் கிளாஸ் டி ஆம்ப்புக்கு இந்தப் பிரச்னை இல்லை. 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் மாடல் என்றால், பொருத்தமான பேட்டரியிலும் ஓட்டலாம். மலையில் வீடு இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்க. மழைக்கால ஈரம் வால்யூம் கன்ட்ரோலையும் ரிலேவையும் அரிக்கும். வாரம் ஒருமுறையாவது ஓட விடுங்க. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு. கைதேர்ந்த தச்சர்கள் இருக்கும் ஊரில் அழகா ஒரு பெட்டி செய்து ஆம்ப்பை உள்ளே வைக்க ஆசை வரும். தாராளமா செய்யுங்க. ஆனால், மேலேயும் பின்னாலும் காற்றோட்டம் விடச் சொல்லுங்க. மூடிய பெட்டிக்குள் சூடு தேங்கினால் கெப்பாசிட்டரின் ஆயுசு குறையும்.

கடையில் 20 நிமிடச் சோதனை

* மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாட்டை போனில் டவுன்லோடு செய்து கொண்டு போங்க. ஒன்றில் குரல், ஒன்றில் பறை அல்லது தவில், ஒன்றில் நிறைய வாத்தியம்.

* பாட்டு போடாமல் வால்யூமைப் பாதி ஏற்றுங்க. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் உட்காரும் இடம்வரை கேட்டால் வேண்டாம்.

* மிகக் குறைந்த வால்யூமில் கேளுங்க. இடது, வலது இரண்டும் சமமாக வருதா? மலிவான வால்யூம் கன்ட்ரோல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

* குமிழைத் திருகும்போது கரகரப்பு வருதா?

* இரண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்க. கொஞ்சம் கூடுதல் சத்தம் எப்பவும் 'நல்லா இருக்கு'ன்னு தோணும். விற்பனையாளருக்கு இது தெரியும்.

* 20 நிமிடம் ஓடிய பிறகு மூடியைத் தொடுங்க. வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு சரியில்லை.

* உங்க ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று சொல்லி, அதுக்கு இது தாங்குமான்னு கேளுங்க. ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலாக மாட்டினால் 4 ஓமாகிவிடும், மறக்காதீங்க.

ரிவ்யூவை எப்படிப் படிப்பது?

5 ஸ்டார்களை விடுங்க. பெரும்பாலும் பெட்டி பிரித்த அன்று போட்டவை. 3 ஸ்டார், 2 ஸ்டார் ரிவ்யூக்களில், 'ஆறு மாசத்துக்கு அப்புறம்' என்று எழுதியவர்களைத் தேடிப் படிங்க. ஒரே குறையைப் பத்து பேர் சொன்னால் அது நிஜம். வீடியோ விமர்சகர் வாங்கும் லிங்க் கொடுத்திருந்தால் அவருக்கு கமிஷன் இருக்கலாம், அதை மனசில் வெச்சுக்கிட்டு கேளுங்க. அளவீட்டுக் கருவி வைத்துச் சோதித்த விமர்சனம் கிடைத்தால் அதுக்கு முதல் மரியாதை. எல்லாத்துக்கும் மேலே, உங்க ஊர் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி: 'அண்ணே, இது ரிப்பேருக்கு வந்தா பார்ப்பீங்களா?' அவர் உதட்டைப் பிதுக்கினால், அந்த மாடலுக்கு நம்ம ஊரில் பேர் இல்லைன்னு அர்த்தம்.

விலை வேற, மதிப்பு வேற

ஒரு கணக்கு பார்ப்போம். 6,000 ரூபாய் பெட்டி ஒன்றரை வருடத்தில் போய், சரிபண்ணவும் முடியலைன்னா, வருடத்துக்கு 4,000 ரூபாய். 20,000 ரூபாய் பெட்டி 10 வருடம் ஓடி, நடுவில் 3,000 ரூபாய் ரிப்பேர் வைத்தால், வருடத்துக்கு 2,300 ரூபாய். இதையே திருப்பியும் பாருங்க. 3,000 ரூபாய் அசெம்பிள் செட்டை உள்ளூர் மெக்கானிக் 500, 500-ஆக வாங்கி ஐந்து வருடம் ஓட்டித் தந்தால், எல்லாத்தையும்விட அதுதான் லாபம். அதனால, 'எவ்வளவு விலை?' என்பதோடு 'எத்தனை வருஷம், யார் சரிபண்ணுவாங்க?' என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் மதிப்பு தெரியும்.

மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க. பில் வாங்குங்க, வாரன்டி கார்டில் சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்க, ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் தினமும் இரண்டு மணி நேரம் ஓட விட்டுச் சோதிங்க. கோளாறு இருந்தால் அந்த நாள்களிலேயே வெளியே வரட்டும்.

செட் பண்ணியாச்சா? குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவதற்கு முன்னாடியே வால்யூமைக் குறைச்சிடுங்க. நேர்மையான ஆம்ப்ளிஃபயரின் அருமை, சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் குரல் தெளிவாகக் கேட்கும்போதுதான் தெரியும்.